ஸ்கூல் திறக்கப் போறாங்க... வகுப்பறை ரெடியா? வடசென்னை பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வடசென்னை வீடுகளில் ரெண்டு தேதிகள்தான் பேச்சு. ஒன்று, மீன்பிடித் தடைக்காலம் முடியும் நாள். இன்னொன்று, ஸ்கூல் திறக்கும் நாள்.

ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ல்தான் முடிகிறது. பள்ளிகள் பெரும்பாலும் அதற்குள் திறந்துவிடுகின்றன. 2022-ல் ஜூன் 13, 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. வெயிலால் தள்ளிப்போன 2023-ல் 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஜூன் 14-ல் திறந்தார்கள். அதாவது, காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் நாட்கள். வீட்டில் காசு புழக்கம் குறைந்திருக்கும் நேரம். அப்போதுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள்.

அதனால் இங்கே வகுப்பறையைத் தயார் செய்வது என்றால் பலூன் கட்டி, சாக்லேட் கொடுப்பது மட்டும் இல்லை. வெறுங்கையோடு வரும் குழந்தையும் கூச்சம் இல்லாமல், பயம் இல்லாமல் உட்காரும்படி அந்த அறை இருக்க வேண்டும். அதற்கு முதல் நாளுக்கு முன்பே என்னென்ன நடக்க வேண்டும்? பெற்றோர் எதையெல்லாம் கேட்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பூட்டிக் கிடந்த அறையில் முதல் வேலை என்ன?

கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த அறை. தேர்தல் வருஷம் என்றால் அதே அறை வாக்குச்சாவடியாகவும் இருந்திருக்கும். பெஞ்ச் எல்லாம் ஒரு மூலையில், சுவரில் பூத் நம்பர் ஒட்டிய காகிதம் என்று கலைந்து கிடக்கும்.

திறந்ததும் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. முதலில் கதவு, ஜன்னல் அத்தனையையும் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். பிறகு மேலிருந்து கீழே வர வேண்டும். ஒட்டடை, ஃபேன் இறக்கை, டியூப் லைட், ஜன்னல் கம்பி, அப்புறம் பலகை, பெஞ்ச், கடைசியாகத் தரை. கீழே முதலில் பெருக்கினால் மேலே இருக்கும் தூசி மறுபடியும் கீழேதான் விழும். ரெட்டை வேலை.

இந்தப் பகுதிக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகள், அனல்மின் நிலையங்கள், நிலக்கரி கையாளும் துறைமுகம் எல்லாம் உண்டு. பெஞ்சில் படிவது வெறும் மண் தூசி இல்லை. கரித்துகளும் சேர்ந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் தட்டினால் காற்றில் பறந்து மூச்சுக்குள் போகும். ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் சரி. அதையும் குழந்தைகள் வருவதற்கு முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். இழுப்பு இருக்கும் பிள்ளைக்கு முதல் நாளே மூச்சு முட்டினால், அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் என்றாலே பயம் வந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டியும் இதே கணக்குத்தான். விடுமுறையில் தேங்கிய தண்ணீரை முழுசாக வெளியேற்றி, உள்ளே தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

கூரையும் சுவரும் ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டுப் பள்ளிகள் ரெண்டு தேதிகளை மறக்கவே முடியாது.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் இருந்து பரவிய தீ ஓலைக்கூரையில் பிடித்தது. அதன் பிறகே பள்ளிகளில் ஓலைக்கூரை கூடாது என்ற கட்டுப்பாடு கறாராக அமலுக்கு வந்தது.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்கும் வேலை நடந்தது.

கவனித்தால், ரெண்டிலும் ஆபத்து கரும்பலகைப் பக்கம் இருந்து வரவில்லை. ஒன்று சமையல் கூடம், இன்னொன்று கழிவறை. ஆகவே வகுப்பறை தயார் என்று சொல்வதற்கு முன்னால் அறைக்கு வெளியேயும் ஒரு சுற்று வர வேண்டும்.

கடலோரம் என்பதால் வடசென்னைக்கு உப்புக்காற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. உப்புக்காற்று பட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துரு பிடிக்கும். துரு பிடித்த கம்பி உப்பி, மேல்பூச்சைத் தள்ளிவிடும். மேற்கூரையில் பழுப்புக் கறையோ, பூச்சு உப்பலோ தெரிந்தால் அந்த இடத்துக்குக் கீழே பெஞ்ச் போடவே கூடாது. வெள்ளை அடித்து மறைப்பது தீர்வு ஆகாது. இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். ஃபேன் மாட்டியிருக்கும் கொக்கி, திறந்து கிடக்கும் சுவிட்ச் போர்டு, குழந்தைக் கைக்கு எட்டும் ஒயர் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

கெமிக்கல் வாசனை வந்தால் என்ன செய்வது?

சென்னையின் மற்ற பகுதிப் பள்ளிகள் அவ்வளவாக யோசிக்காத கேள்வி இது. வடசென்னை யோசித்தே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

2024 அக்டோபர் 25. திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவி மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து சோதித்தார்கள். பள்ளிக்கு விடுமுறை விடப்பட்டது. நவம்பர் 4-ல் மீண்டும் திறந்தார்கள். திறந்த அன்றே மறுபடியும் சில மாணவிகளுக்கு மயக்கம். பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டார்கள்.

இதில் இருந்து என்ன புரிகிறது? தேதி வந்துவிட்டது என்பதற்காகக் கதவைத் திறப்பது வேறு, அறை தயாராகி அதன் பிறகு திறப்பது வேறு.

இந்தப் பகுதியில் ஒவ்வொரு வகுப்பறையிலும் முதல் நாளுக்கு முன்பே சில விஷயங்கள் முடிவாகி இருக்க வேண்டும்.

• நெடி வந்தால் யார் மணி அடிப்பது, பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வெளியேறுவது.
• எங்கே கூடுவது. ஒரே இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் போக, ரெண்டு இடமாவது வேண்டும். நெடி வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவதே பாதுகாப்பு.
• மூக்கையும் வாயையும் மூட ஈரத்துணி எங்கே இருக்கிறது.
• பெற்றோரின் போன் நம்பர்கள் அச்சிட்ட தாளில் வகுப்பறையிலேயே இருக்கிறதா. ஹெச்.எம் ரூம் பீரோவில் பூட்டி வைத்தால் அந்த நேரத்தில் உதவாது.

குழந்தையின் உயரத்தில் வகுப்பறை

பாதுகாப்பு முடிந்தது. இனி அறைக்குள் வருவோம். இந்த விஷயத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பெருமைப்படும்படி ஒரு கதை இருக்கிறது.

2003-ம் ஆண்டு. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு மாற்றம் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் முறையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் பின்னாளில் ஏ.பி.எல் என்று எல்லோரும் சொன்ன செயல்வழிக் கற்றல். அடுத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அதில் பாடத்தைவிட முதலில் கண்ணில் பட்டது, அறை மாறிய விதம்தான். சுவரைச் சுற்றிக் கீழ்மட்டத்தில் கரும்பலகை வரைந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டீச்சரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். பாட அட்டைகள் குழந்தையின் கைக்கு எட்டும் அடுக்கில் இருந்தன. வரைந்த படங்களைத் தொங்கவிட மேலே கம்பி கட்டினார்கள். வருகைப் பதிவைக்கூடக் குழந்தையே சார்ட்டில் குறித்தது.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உயரம் சுமார் மூன்றரை அடி. பெரியவர்களின் கண் உயரத்தில் மாட்டிய சார்ட் அந்தக் குழந்தைக்கு வெறும் அலங்காரம்தான். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். 2003-ல் சென்னை கண்டுகொண்டது இந்த எளிய உண்மையை. வகுப்பறை என்பது டீச்சர் நிற்கும் இடத்தில் இருந்து பார்க்க அழகாக இருப்பது முக்கியம் இல்லை. குழந்தை உட்காரும் இடத்தில் இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதே கணக்கு.

அடுத்து 2022 ஜூன் 13. பள்ளிகள் திறந்த அதே நாளில், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கொரோனா காலத்தில் விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் மீட்பது நோக்கம். இதில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். வகுப்பறைக்குள் கதைக்களம், பொம்மலாட்டக் களம் போன்ற தனித்தனி இடங்கள் வேண்டும். எனவே இந்த வகுப்பு டீச்சர்களுக்கு மூலைகளைத் தயார் செய்வதும் முதல் நாளுக்கு முந்தைய வேலைதான்.

2025 ஜூலையில் 'ப' வடிவில் பெஞ்ச் போடச் சொல்லி வந்த அறிவிப்பு நினைவிருக்கலாம். கடைசி பெஞ்ச் என்பதே இருக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் ஓரத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் அதிகம் இருக்கும் அறையில் இடம் போதாது என்று கேள்விகள் வந்தன. திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சொல்ல வருவது இதுதான். பெஞ்ச் எந்த வடிவத்தில் இருந்தாலும் மூணு விஷயம் சரியாக இருந்தால் போதும். எல்லாப் பிள்ளைக்கும் பலகை தெரிய வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் நடந்து போக வழி வேண்டும்.

பேர் சொல்லிக் கூப்பிட யாராவது இருக்காங்களா?

முதல் நாள் காலை. அம்மாவின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை அழுகிறது. டீச்சர் "வாடா தம்பி" என்று கூப்பிடுவதற்கும், பேர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இடத்தில் பேர் எழுதி ஒட்டியிருந்தால், 'இது உனக்கான இடம்' என்று அந்த அறையே சொல்கிறது. குழந்தைக்குப் படிக்கத் தெரியாதே என்று கேட்கலாம். அதற்குத்தான் பேர் பக்கத்தில் ஒரு மீன், ஒரு படகு, ஒரு பூ என்று படம் வரைவது. நாளைக்கு வரும்போது குழந்தை தன் படத்தைத் தேடி உட்காரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. தொழிற்சாலை, குடோன், கட்டட வேலைக்காகப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தப் பகுதிப் பள்ளிகளில் சேர்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் காலங்காலமாக இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு முதல் நாள் வகுப்பில் கேட்கும் ஒரு சொல்கூடப் புரியாமல் போகலாம். தண்ணீர், கழிவறை, சாப்பாடு, வலி. இந்த நாலுக்கும் படம் போட்ட அட்டை சுவரில் இருந்தால் போதும். பேச்சு வராவிட்டாலும் விரலால் காட்டிவிடலாம்.

கழிவறையை முதல் மணி நேரத்திலேயே நேரில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். கதவு எப்படித் திறக்கும், தண்ணீர் எங்கே வரும் என்பது வரைக்கும். கேட்கத் தெரியாமல் டவுசரை நனைத்துக்கொண்ட குழந்தை மறுநாள் வராது. மாற்று உடை ரெண்டு, மூணு வகுப்பறையிலேயே இருப்பது நல்லது.

சாப்பாடும் புத்தகமும்

பசியோடு வரும் குழந்தைக்கு எந்த சார்ட்டும் கண்ணில் படாது. இதைச் சென்னை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் செலவு. வண்ணாரப்பேட்டையில் இன்றும் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது.

அந்த வழியில் வந்ததுதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று. முதல் நாள் காலையிலேயே இது கிடைக்க வேண்டும் என்றால் பாத்திரம், தட்டு, டம்ளர், கை கழுவும் இடம் எல்லாம் முந்தைய நாளே கழுவி வைத்திருக்க வேண்டும்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பாடப்புத்தகம் இலவசம். சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் 1 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு 4 செட் சீருடை உண்டு. புத்தகம் திறந்த அன்றே கைக்கு வந்துவிடலாம். சீருடை கொஞ்சம் தாமதம் ஆகலாம். அதுவரை கலர் டிரஸ்ஸில் வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது. முக்கியமாக, தடைக்காலத்தில் புது டிரஸ் எடுக்க முடியாத வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சேர்க்கைக்கும் இதே நியாயம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009 தெளிவாகச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்குச் சேர்க்கை மறுக்க முடியாது. வேறு பள்ளியில் இருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

முதல் நாள் வருஷத்துக்கு ஒரு தடவைதானா?

வடசென்னையில் அப்படிச் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஒரு வாரம் பள்ளிகள் மூடிக் கிடந்து, டிசம்பர் 11-ல் திறந்தன. எண்ணூர் பகுதியில் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. வீட்டில் நோட்டுப் புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளுக்கு அது இன்னொரு முதல் நாள்.

அதற்கு முன்பு 2021 நவம்பர் 1. கொரோனாவால் சுமார் ஒன்றரை வருஷத்துக்கு மேல் மூடியிருந்த தொடக்கப் பள்ளிகள் திறந்தன. அன்றைக்கு ஒன்றாம் வகுப்போடு சேர்த்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் முதல் தடவையாகத் தங்கள் வகுப்பறையைப் பார்த்தார்கள்.

ஆகவே ஜூனுக்கு மட்டும் இல்லாமல் மழைக்காலத்துக்கும் அறை தயாராக வேண்டும். புத்தக அடுக்கு தரையில் இருந்து உயரமாக இருக்கட்டும். பதிவேடுகள் கீழ் அலமாரியில் வேண்டாம். வெள்ளம் வடிந்து திறக்கும்போது மின்சார இணைப்பைச் சோதித்த பிறகே லைட்டைப் போட வேண்டும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

கேட்பது சண்டை போடுவது ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

• மேற்கூரையில் உப்பல், விரிசல் இருக்கா? யார் வந்து பார்த்தாங்க?
• தண்ணீர்த் தொட்டியை எப்ப கழுவுனீங்க?
• கழிவறையில் தண்ணி வருதா? தாழ்ப்பாள் போட முடியுதா?
• கெமிக்கல் நெடி வந்தா பிள்ளைகளை எங்க கூட்டிப் போவீங்க?
• என் நம்பர் வகுப்பு டீச்சர்கிட்ட இருக்கா?
• என் பிள்ளைக்கு இழுப்பு இருக்கு. மருந்து யார்கிட்ட கொடுக்கணும்?

பதில் கிடைக்கவில்லை என்றால் பள்ளிக் கல்வி தொடர்பான உதவிக்கு 14417, மாநகராட்சிப் புகார்களுக்கு 1913, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.

அப்படியே வீட்டில் ஒரு வேலை. திறப்பதற்கு முந்தைய நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசல் வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எந்தத் தெரு, எங்கே லாரி திரும்பும், எங்கே ரோட்டைத் தாண்ட வேண்டும் என்று காட்டுங்கள். கேட் திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கட்டும். ஏற்கெனவே பார்த்த இடம் என்றால் பாதி அழுகை குறையும்.

மீதி அழுகையைக் குறைக்க, உள்ளே ஒரு சுத்தமான பாயும், எட்டும் உயரத்தில் ஒரு பலகையும், தன் பேரைத் தெரிந்த ஒரு டீச்சரும் காத்திருக்க வேண்டும்.